மூன்றாவது மானின் கோடு

ஸூனி
மார்ச் 9, 1975

அன்பு மகள் லொரெட்டாவுக்கு,

இந்த நாட்களை எப்படிக் கழித்தாய்? நாங்கள் மகிழ்ச்சியாகக் கழித்தோம். நீயும் அப்படித்தான் பதில் எழுத வேண்டும், முறை அது. பல்வலி, காய்ச்சல் இருந்தால் அதற்கு அடுத்த வரியில் எழுது.

முதலில் என் மானம் போன கதை. போன மாதம் உனக்கு எழுதிய கடிதத்தோடு தபாலாபீஸில் நின்று, தபால்தலையை நாக்கில் நனைத்தேன். பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். திரும்பிப் பேசிவிட்டு, உறையைப் பெட்டியில் போட்டுவிட்டு, கடைக்குப் போய், என் அக்கா வீட்டில் காபி குடித்து, ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா என்னைப் பார்த்து, "ஏய்யா, உன் தாடையில யாரு அந்த ஆளு?" என்றாள். தபால்தலையில் இருந்த ஜனாதிபதி அத்தனை நேரமும் என் தாடையில் ஒட்டிக்கொண்டு ஊர்வலம் வந்திருக்கிறார். ஊரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை பார். ஆகவே அந்தக் கடிதம் உனக்கு வந்திருக்காது. வருத்தப்படாதே, அதில் விசேஷம் ஒன்றும் இல்லை.

இதில் இருக்கிறது. டிசம்பரில் ஷாலகோ திருவிழாவுக்குத் தெய்வத் தூதர்கள் இந்தத் தடவை நம் வீட்டுக்கு வருகிறார்கள் என்று முடிவாகிவிட்டது. புதிதாக இரண்டு அறை கட்ட வேண்டும். கல் சுமக்கிற கழுதை யார் என்று நீ கேட்கமாட்டாய். மாவு அரைக்க, ரொட்டி சுட ஆள் போதாது என்று உன் அம்மா இப்போதே புலம்புகிறாள். எதிர்வீட்டில் உன் பெரியம்மா ஃப்ளோராவுக்குக் காலில் புண் ஆறவில்லையாம். உன் அம்மாவிடம் சொன்னேன். "எந்த வீட்டு ஆளைச் சொல்ற?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

குளிரில் தலையை மூடிக்கொள்.

உன் அப்பா
அலோன்ஸோ

ஓக்லண்ட்
மார்ச் 23

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்த நாட்களை மகிழ்ச்சியாகக் கழித்தேன். அடுத்த வரி: முதுகு வலிக்கிறது. புது வேலை கிடைத்திருக்கிறது, ஒரு மியூசியத்தில் தரை துடைக்கும் வேலை. அம்மா எப்படி இருக்கிறாள்? உங்கள் இருமல்?

அப்பா, நேற்று ஒரு புது அறையைத் துடைக்கக் கொடுத்தார்கள். கண்ணாடிப் பெட்டிகளில் நம் ஸூனிப் பழங்குடியின் பானைகள். துடைத்துக்கொண்டே வந்தவள் ஒரு பெட்டி முன்னால் நின்றுவிட்டேன். தண்ணீர்ப் பானை. சுற்றிலும் நான்கு மான்கள். ஒவ்வொரு மானுக்கும் வாயிலிருந்து நெஞ்சு வரை சிவப்புக் கோடு. மூன்றாவது மானுக்கு மட்டும் கோடு தொண்டையிலேயே நின்றுவிட்டது. கோடு பாதியில் இருக்கும்போது அதை வரைந்த பாட்டிக்கு வலி கண்டு, பெரியம்மா பிறந்தாள், பிறகு யாரும் அதை முடிக்கவில்லை என்று அம்மா எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்!

அது நம் வீட்டுப் பானை. பெரியம்மா திருடிவிட்டாள் என்று பதினான்கு வருஷமாக அம்மா அவளோடு பேசாமல் இருக்கிறாளே, அந்தப் பானை.

பக்கத்தில் ஓர் அட்டை. "1961இல் ஸூனியில், வீட்டின் சொந்தக்காரரான ஓர் ஆணிடமிருந்து வாங்கியது" என்று இருந்தது. நம் ஊரில் வீட்டுக்கு ஆண் சொந்தக்காரனா? படித்ததும் சிரித்துவிட்டேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

பதில் போடுங்கள்.

லொரெட்டா

ஸூனி
மே 4

அன்பு மகளுக்கு,

மகிழ்ச்சியாக இருக்கிறாயா? நாங்களும் அப்படியே. பதில் தாமதம். ஆடுகள் குட்டி போடும் காலம். போன வாரம் ஓர் ஆடு என்னை முட்டி, அது பெற்ற குட்டியின் மேலேயே உட்காரவைத்தது. குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு இன்னும் உட்கார முடியவில்லை, நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை வழக்கம்போல அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முதுகு வலிக்கு எண்ணெய் தேய்க்கச் சொன்னாள். பானை வந்த இடத்தில் நான் மழையைப் பற்றிக் கொஞ்சம் வாசித்தேன். "அங்க இவ்ளோ மழையா!" என்றாள்.

மான் என்றால் மான்தான் லொரெட்டா, ஆயிரம் பானையில் இருக்கும். கண்ணாடிக்குள் வைத்தால் எதுவும் நம் வீட்டுச் சாமான் போலத்தான் தெரியும். காலப் ஊர்க் கடையில் ஒரு தொப்பியைப் பார்த்து என்னுடையது என்று சண்டைக்குப் போனவன் நான்.

புது அறையின் சுவர் இடுப்பளவு எழுந்துவிட்டது. அம்மா நலம். உடம்பைக் கவனித்துக்கொள்.

அப்பா

பி.கு.: விளிம்பில் விரிசல் ஒன்றும் இல்லையே?

ஓக்லண்ட்
மே 15

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நலம். அங்கே நலமா?

விரிசல் இல்லை. வேறு யார் வீட்டுப் பானைக்கும் நீங்கள் இப்படி விசாரிக்கமாட்டீர்கள்.

அந்தக் குளிர்காலத்தில்தான் என் காதில் சீழ் வைத்து, ஆல்புகர்க்கி வரை என்னைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். அதற்காகத்தான் விற்றீர்கள் என்றால் சொல்லுங்கள் அப்பா. எனக்குப் புரியும்.

எனக்கு அப்போது பதினோரு வயது. எதிர்வீட்டு வாசலில் எதையும் வாங்கித் தின்னாதே என்று அம்மா சொல்லியிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பெரியம்மா அடுப்பிலிருந்து ரொட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். ஒன்றைப் பிய்த்து என்னிடம் நீட்டினாள். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். "திருடி" என்று சொன்னேன். திரும்பிப் பார்த்தபோது இன்னும் நீட்டிக்கொண்டே நின்றிருந்தாள்.

எதற்காக அதைச் செய்தேன் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

லொரெட்டா

ஸூனி
ஜூன் 20

என் மகளுக்கு,

இந்த நாட்களை நீ எப்படிக் கழித்தாய் என்று எனக்குத் தெரியும். கேட்கும் தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

ஆமாம், உன் காதுக்காகத்தான் என்று ஒரு கடிதம் எழுதி இரண்டு வாரம் சட்டைப் பையில் வைத்திருந்தேன். நல்ல கடிதம். அதில் நான் நல்ல மனிதனாக இருந்தேன். நேற்று அதை அடுப்பில் போட்டுவிட்டேன். உன் காதை அரசாங்க ஆஸ்பத்திரி சும்மாவே பார்த்தது, லொரெட்டா.

நடந்தது இதுதான். முந்தின நாள் ஃப்ளோரா வந்து உன் அம்மாவோடு சண்டை போட்டாள். "நான் பொறந்த அன்னிக்கு வரைஞ்ச பானை. நான் தனி வீடு போயாச்சு, அதைக் குடு." உன் அம்மா, "வீட்டுப் பானை வீட்டுலதான் இருக்கும். உன்கூடப் பொறந்துச்சுன்னா அதுக்கும் பால் குடுத்தாங்களா?" என்றாள். இரண்டு கதவும் அறைந்து சாத்தப்பட்டன.

மறுநாள் வீட்டில் யாரும் இல்லை. நான் மட்டும் சேணத்துக்கு வார் தைத்துக்கொண்டிருந்தேன். தொப்பி வைத்த ஒருவன் கதவைத் தட்டினான். பானை வாங்குகிறவன். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, "இந்த வீட்டின் சொந்தக்காரர் நீங்கள்தானே, ஐயா?" என்று கேட்டான்.

நம் ஊரில் எல்லா ஆணும் வீட்டோடு மாப்பிள்ளைதான், உனக்குத் தெரியாததா? அந்த வீட்டில் என்னுடையவை ஒரு சேணம், ஒரு கோடரி, இரண்டு சட்டை, ஓர் இருமல். உன் அம்மாவுக்கு என்னைப் பிடிக்காமல் போனால் அவற்றை மூட்டை கட்டி வாசலில் வைப்பாள். நான் மூட்டையோடு என் அக்கா வீட்டுக்கு இருமிக்கொண்டே போவேன். இதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. ஆனால் அதுவரை என்னை யாரும் 'ஐயா' என்று கூப்பிட்டதும் இல்லை. "ஆமாம், நான்தான்" என்றேன்.

அவ்வளவுதான் மகளே. அதற்குப் பிறகு எல்லாம் தானாக நடந்தது. சுருட்டு கொடுத்தான். பானையைப் பார்த்தான். வீட்டின் சொந்தக்காரன், "இருங்கள், மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்ல முடியுமா? கால் மணி நேரம் நான் சொந்தக்காரனாக இருந்தேன். பேரம்கூடப் பேசவில்லை, சொந்தக்காரர்கள் பேரம் பேசமாட்டார்கள் என்று நினைத்தேன். அந்தப் பணத்தில் லாரிக்கு இரண்டு பழைய டயர் வாங்கினேன். அறுவடைக்கு முன்னே இரண்டும் வெடித்துவிட்டன.

சாயங்காலம் உன் அம்மா வந்தாள். பானை இருந்த மாடத்தைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், "ஃப்ளோரா!" என்றாள். திறந்த வாயை என்ன செய்வது? ஒரு ரொட்டித் துண்டைப் போட்டு மூடிக்கொண்டேன். இன்னும் அதை மென்றுகொண்டிருக்கிறேன்.

நன்றாகச் சாப்பிடு.

அப்பா

ஓக்லண்ட்
ஜூலை 1

அப்பா,

நலமா? நான் நலம்.

நீங்கள் எழுதியதை நான்கு தடவை படித்தேன். இரண்டு இடத்தில் சிரிப்பு வந்தது. அதற்காக உங்கள் மேல் இன்னும் கோபம் வந்தது.

அம்மாவுக்கு நானே எழுதிவிடலாம். ஆனால் அதை அவளுக்கு வாசித்துக் காட்டுவது நீங்கள்தான், இங்கே மறுபடியும் மழை பெய்யும். ஷாலகோவுக்கு ஊருக்கு வருகிறேன். அதற்குள் நீங்கள் சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால் வந்து இறங்கிய அன்றே நான் சொல்வேன்.

மூட்டையை வாசலில் வைத்தால் வைக்கட்டும். பெரியம்மாவைப் பதினான்கு வருஷம் வாசலில் வைத்திருந்தோம்.

இருமலுக்கு மருந்து குடியுங்கள்.

லொரெட்டா

ஸூனி
ஆகஸ்ட் 24

அன்பு மகளுக்கு,

நலமாக இருக்கிறாயா? சோளம் நன்றாக வந்திருக்கிறது. அம்மாவுக்கு மூட்டு வலி, மற்றபடி நலம்.

உன் அம்மாவிடம் சொல்ல மூன்று தடவை முயன்றேன். முதல் தடவை வயலில். "ஐரீன், ஒரு விஷயம்" என்றேன். "காக்கா!" என்று கத்திக்கொண்டு அவள் ஓடிவிட்டாள். இரண்டாம் தடவை சுவர் பூசும்போது. கையெல்லாம் மண்ணோடு அவள் எதிரே போய் நின்றேன். "என்னய்யா, கல்லை முழுங்கின மாதிரி நிக்கற? மண்ணு குழைச்சாச்சா?" என்றாள். இன்னும் குழைக்கவில்லை. போய்க் குழைத்தேன். மூன்றாம் தடவை சாப்பிடும்போது. அவள் வழக்கம்போல ஒரு கவளத்தை முன்னோர்களுக்காக நெருப்பில் போட்டாள். அவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றிவிட்டது. அவர்களில் அந்தப் பானையை வரைந்தவளும் இருப்பாள்.

ஃப்ளோராவுக்கு ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சர்க்கரை. உன் அம்மாவிடம் ஆடு பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனேன். படுக்கையில் சாய்ந்திருந்தவள் என்னைக் கண்டதும், "வாங்கய்யா, வீட்டுச் சொந்தக்காரரே" என்றாள்.

"தெரியுமா மதினி?"

"தெரியாம? உன்கிட்ட வாங்கிட்டு நேரா என் வாசலுக்குத்தான் வந்தான். 'எதிர்வீட்டுச் சொந்தக்காரர் தங்கமான மனுஷர், பேரமே பேசல'ன்னான். எதிர்வீட்டுக்கு யாருடா அது புதுசா சொந்தக்காரன்னு எட்டிப் பாத்தேன். நீ சுருட்டும் கையுமா கதவுல சாஞ்சு நின்ன. எனக்குச் சிரிப்புத் தாங்கல. அன்னிக்கு மட்டும்தான் சிரிச்சேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நான் சொல்லியா அவ நம்பணும்? கூடப் பொறந்தவ. 'எங்கக்கா எடுத்திருக்க மாட்டா'ன்னு அவ வாயில தானா ஒரு வார்த்தை வரும்னு பாத்தேன். இன்னிக்கு வரும், நாளைக்கு வரும்னு பாத்தேன். சாட்சி வெச்சு நம்பறதுக்கு ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க, தங்கச்சி எதுக்கு?"

நான் அழுதேன் லொரெட்டா. பக்கத்துக் கட்டில்காரி எனக்குத்தான் கால் போய்விட்டது என்று நினைத்திருப்பாள்.

"நான் சொல்லிடறேன் மதினி, இந்த வாரமே."

"சொல்லு. ஆனா எனக்குக் காது கேக்கறப்பவே சொல்லு. கால்தான் போச்சு, காது இன்னும் இருக்கு. அவ தெருவைத் தாண்டி வந்து என்ன சொல்றான்னு நான் கேக்கணும்."

அந்த வாரம் போன வாரம் முடிந்துவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா

ஓக்லண்ட்
அக்டோபர் 5

அப்பா,

நலம். அம்மாவின் மூட்டு வலி எப்படி இருக்கிறது?

நவம்பர் 28ஆம் தேதிக்குப் பஸ் டிக்கெட் எடுத்துவிட்டேன். பெரியம்மாவுக்கு ஒரு கடிதம் போட்டேன். பக்கத்து வீட்டில் யாராவது வாசித்துக் காட்டுவார்கள். வேறு ஒன்றும் எழுதவில்லை. 'அந்த ரொட்டி எனக்கு வேண்டும், வந்து வாங்கிக்கொள்கிறேன்' என்று மட்டும் எழுதினேன்.

சொல்லிவிட்டீர்களா? ஒரு வரி போதும்.

லொரெட்டா

ஸூனி
நவம்பர் 2

அன்பு மகளுக்கு,

மகிழ்ச்சியாக இருக்கிறாயா? இங்கே புது அறைகள் முடிந்துவிட்டன. வெள்ளை அடித்ததில் பாதி என் தலையில். இப்போது ஊரில் என்னை 'ஆலங்கட்டி' என்கிறார்கள்.

உன் ஒரு வரி: இன்னும் இல்லை.

ஃப்ளோரா வீட்டுக்கு வந்துவிட்டாள். கட்டிலைத் தெருப்பக்க ஜன்னலுக்கு நகர்த்தச் சொல்லியிருக்கிறாள். உன் கடிதத்தை வாசிக்கக் கேட்டு, "அவளுக்கு இன்னுமா பசிக்குது?" என்று சிரித்தாளாம். சோளமாவு, கோதுமை மாவு எல்லாம் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கச் சொன்னாளாம்.

நான் தினமும் விறகோடு அந்த ஜன்னலைத் தாண்டிப் போகிறேன். புருவத்தைத் தூக்கி, 'என்ன?' என்று கேட்கிறாள். நான் கையை ஆட்டி, 'நாளைக்கு' என்கிறேன். போன வாரம் அவள் புருவத்தைத் தூக்கவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

இருபதாம் தேதி ரொட்டி சுட எல்லாப் பெண்களும் நம் வீட்டில் கூடுகிறார்கள். அத்தனை பேர் நடுவில் சொல்லிவிட்டால் யாரும் எதையும் மறைக்க முடியாது, நான் உட்பட. அன்றைக்குச் சொல்வேன். உனக்கு எழுதிவிட்டேன் அல்லவா, இனி பின்வாங்க முடியாது.

கம்பளிச் சட்டை எடுத்து வா.

அப்பா

ஸூனி
நவம்பர் 22

மகளே,

நாங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறோம் என்று இந்தத் தடவை எழுத வரவில்லை. பெயரையும் எழுதவில்லை. போனவர்களின் பெயரை முதல் நான்கு நாட்களில் சொல்வதில்லை என்பதால், நான் எழுதாததிலேயே யார் என்று உனக்குப் புரிந்திருக்கும்.

கடைசியில் எழுத வேண்டியதை இங்கேயே எழுதிவிடுகிறேன், அப்புறம் கை ஓடாது. உடம்பைப் பார்த்துக்கொள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்காராதே. அம்மா நலம்.

இருபதாம் தேதி காலை. பெண்கள் கூடியிருந்தார்கள், முதல் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நான் தலையைச் சீவிக்கொண்டு போய் நடுவில் நின்றேன். "ஆலங்கட்டிக்கு இன்னிக்குக் கல்யாணம் போல!" என்று ஒருத்தி சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தபோது எதிர்வீட்டிலிருந்து ஆள் ஓடிவந்தது.

காய்ச்சல் வந்து இரண்டு நாள் ஆகியிருந்ததாம். அந்த இரண்டு நாளும் நான் ஜன்னல் பக்கம் போகாமல் ஆட்டுப்பட்டி வழியாகச் சுற்றி நடந்தேன், இருபதாம் தேதிதான் சொல்லப் போகிறோமே என்று. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் பிசைந்த மாவு காய்ந்து கிடந்தது.

கழுவி, போர்த்தி, முறைப்படி எல்லாம் ஆயிற்று. அதைக் கடிதத்தில் எழுதக்கூடாது. பிறகு உன் அம்மா வந்தாள். பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக அந்தத் தெருவைத் தாண்டினாள். எண்ணினால் இருபது அடி இருக்கும். கையில் சூடான ரொட்டி. நான் அடுப்புக்கு விறகு தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே போனேன்.

தலைமாட்டில் நின்றாள். அழமாட்டாள் என்று நினைத்தேன். குரல் உடைந்துவிட்டது.

"அக்கா, அந்தப் பானை போனாப் போகட்டும். நான் உன்னை எப்பவோ மன்னிச்சுட்டேன். வாய்தான் வரல. மனசுல வெச்சுக்காம போ."

அறையில் இருந்த பெண்கள் எல்லோரும் அழுதார்கள். "ஐரீனுக்கு எவ்ளோ பெரிய மனசு" என்று யாரோ சொன்னார்கள். உன் அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷமாக நான் பார்த்திராத ஒரு லேசான முகம், சுமையை இறக்கி வைத்தவளுடைய முகம். "சரியாத்தானே சொன்னேன்யா?" என்று கேட்டாள்.

ஆறு நாளில் நீ பஸ் ஏறிவிடுவாய். சொல்வதா வேண்டாமா என்பதை இனி அந்த முகத்தைப் பார்த்துவிட்டு நீயே முடிவு செய். உன்னைத் தடுக்க எனக்கு வாய் இல்லை. அவள் கேட்டதற்கு நான் விறகை அணைத்துக்கொண்டு, 'ஆமாம்' என்று தலையை ஆட்டினேன். அவள் ரொட்டியைப் பிய்த்து நெருப்பில் போட்டாள். அவளுக்கு அரை அடி தூரத்தில் நின்றுகொண்டு நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான்:

ஐரீன், உங்கக்கா எடுக்கல.